கை போகல, வரிதான் போச்சு



போன சனிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக்கிட்டு இருந்தோம். வெங்காய மூட்டையை எடுக்க என் கார் பூட்டைத் திறந்த தம்பி ஒருத்தர் உள்ளே கிடந்த கோல்ஃப் பையைப் பார்த்துட்டார். “அங்கிள், நீங்க கோல்ஃப் ஆடுவீங்களா? அது பணக்காரங்க ஆட்டமாச்சே!” என்றார். எல்லாரும் சிரிச்சாங்க. நான் போன வருஷம் நடந்த கதையைச் சொன்னேன். கேட்டுக்கிட்டே வாழைக்காய் சீவின ஒரு அக்கா, கடைசியில ஒரே வரியில முடிச்சு வச்சாங்க: “கொத்தாத அம்மியில அரைச்சுப்புட்டு, கை வலு போச்சுன்னு அழுதிருக்கீங்க.”

அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுறேன். நம்ம அன்பர்கள்ல சில பேர் ஆடுறாங்க, சிலரோட பிள்ளைங்க கத்துக்கிறாங்க. அவங்களுக்கு இது உதவும். ஆடாதவங்களும் படிக்கலாம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க.

பணக்காரங்க ஆட்டம்னு தம்பி சொன்னது தப்பில்லை. ஆனா எங்க வீட்டுக்கு அது வந்த வழி வேற. எங்கப்பா தோட்டத்துல பால்மரம் வெட்டினவர். ஞாயிற்றுக்கிழமையானா துரைமாருங்க ஆடுற ஒன்பது குழி மைதானத்துல பை தூக்கப் போவார். எங்க அண்ணனும் பள்ளிக்கூடத்துப் பையனா இருக்கும்போதே கேடியா போனவர். பை தூக்கித் தூக்கியே ஆட்டத்தைக் கத்துக்கிட்டார். வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கின பிறகு, பழைய மட்டை ஒரு செட்டு வாங்கினார். எனக்கு முப்பத்தைஞ்சு வயசு ஆகும்போது என்னையும் இழுத்துக்கிட்டுப் போனார். அதுக்கப்புறம் மாசத்துல ரெண்டு ஞாயிறாவது நாங்க ரெண்டு பேரும் மைதானத்துலதான் இருப்போம்.

2008-ல அண்ணன் புதுசா ஒரு வெட்ஜ் வாங்கினார். 56 டிகிரி சாய்வு. அவர் வாழ்க்கையில புதுசா வாங்கின முதல் மட்டை அதுதான். ஆடத் தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: பந்தைத் தூரமா அடிக்கிறதுக்கு நீள மட்டைங்க இருக்கு. கிரீன் பக்கத்துல வந்த பிறகு, பந்தைத் தூக்கிப் போட்டு, ஓட விடாமல் குழி ஓரத்துல உட்கார வைக்க இருக்கிறதுதான் வெட்ஜ். மணல் குழியில இருந்து எடுக்கவும் இதுதான். அதோட முகத்துல படுக்கை வரியா வரிசையா பள்ளங்கள் வெட்டியிருக்கும். குரூவ்னு சொல்வாங்க. இந்தக் கதை முழுக்க அந்தப் பள்ளங்களைப் பத்தினது.

அண்ணன் தவறி அஞ்சு வருஷம் ஆகுது. காரியம் முடிஞ்ச பிறகு அண்ணி அந்தப் பையை வெளியே எடுத்து வச்சாங்க. மத்ததெல்லாம் அண்ணன் மகனுக்குன்னு சொன்னேன். “அண்ணி, இந்த வெட்ஜ் மட்டும் எனக்கு வேணும்”னு கேட்டு வாங்கிக்கிட்டேன். அதுலதான் ஆடிக்கிட்டு வந்தேன்.

போன வருஷம் ஆரம்பத்துல இருந்து ஏதோ சரியில்லை. காலையில நாங்க ஆரம்பிக்கும்போது புல்லெல்லாம் பனி ஈரம், இல்லேன்னா ராத்திரி பெய்த மழை. கிரீனுக்குப் பக்கத்துல கொஞ்சம் வளர்ந்த புல்லுல பந்து கிடக்கும். முன்னாடியெல்லாம் ரெண்டு துள்ளு துள்ளி நிக்கிற பந்து, இப்ப ‘பொத்’துன்னு உயரமா எழும்பி, விழுந்து, அந்தப் பக்கம் ஓடிப் போயிடும். திரும்ப அங்கேயிருந்து இந்தப் பக்கம். நாலுல முடியறது ஆறு, ஏழுன்னு போச்சு. கூட ஆடுறவங்க ஒண்ணும் சொல்லலை. ஆனா என் முறை வரும்போது எல்லாரும் வேற பக்கம் பார்க்க ஆரம்பிச்சாங்க. அதுதான் அதிகமா வலிச்சது.

எனக்கு 62 வயசு. தோள்ல ஒரு வருஷமா பிடிப்பு. கண்ணுல புரை எடுத்திருக்கு. ‘சரி, கை போயிடுச்சு. வயசாச்சு, விட்டுடலாம்’னு நானே முடிவு கட்டிக்கிட்டேன். முழங்கால் வலின்னு நண்பர்கள்கிட்ட ஒரு பொய்யைச் சொல்லிட்டு ரெண்டு மாசம் போகவேயில்லை. ஞாயிறு காலையில வீட்டுல சும்மா உட்கார்ந்திருப்பேன். என் மனைவி கேட்டா அதுக்கும் கோபம் வரும்.

தீபாவளிக்கு அண்ணன் மகன் வந்திருந்தான். “சித்தப்பா, ஏன் ஆடப் போறதில்லை?”ன்னு கேட்டான். சொன்னேன். அவன் எழுந்து போய் அந்த வெட்ஜை எடுத்துட்டு வந்து, வெளிச்சத்துல பிடிச்சு, கட்டைவிரல் நகத்தால முகத்தை மேலிருந்து கீழே ஒரு கீறு கீறினான்.

“சித்தப்பா, உங்க கைக்கு ஒண்ணுமில்லை. குரூவ் தேஞ்சு போச்சு. நகம் எங்கேயும் மாட்டவே மாட்டேங்குது பாருங்க. இதை மாத்தணும்.”

எனக்கு வந்ததே கோபம். “உங்கப்பாவோட மட்டையையா குறை சொல்றே? இது 2010-க்கு முந்தினதுடா. இப்ப கடையில விக்கிறதெல்லாம் இதுக்குப் பக்கத்துல வராது”ன்னு கத்திட்டேன்.

நான் சொன்னதுல பாதி உண்மை இருக்கு. கோல்ஃப் விதிகளைப் பார்த்துக்கிற ரெண்டு அமைப்புங்க, அமெரிக்காவோட யூஎஸ்ஜிஏவும் ஸ்காட்லாந்துல இருக்கிற ஆர் அண்டு ஏயும், 2008-ல ஒரு புது விதியை அறிவிச்சாங்க. நீளப் புல்லுல இருந்தும் தொழில்முறை ஆட்டக்காரங்க பந்தைச் சுழல வச்சு நிறுத்திடறாங்க, அப்போ ஃபேர்வேயில ஒழுங்கா அடிக்கிறவனுக்கு என்ன மரியாதைங்கிறதுதான் அவங்க வாதம். அதனால மட்டைகள்ல பள்ளத்தோட கொள்ளளவைக் குறைச்சாங்க. 25 டிகிரியோ அதுக்கு மேலயோ சாய்வு உள்ள மட்டைகள்ல பள்ளத்தோட விளிம்பு ரொம்பக் கூராக இருக்கக்கூடாது, கால் மில்லிமீட்டர் அளவுக்காவது உருண்டு இருக்கணும்னு சொன்னாங்க. 2010 ஜனவரி 1-லிருந்து பெரிய தொழில்முறைப் போட்டிகள்ல இது நடைமுறைக்கு வந்துச்சு, அதுக்கப்புறம் செய்யப்பட்ட புது மட்டைகளுக்கும் இதே அளவுதான். நம்மள மாதிரி ஞாயித்துக்கிழமை ஆட்டக்காரங்களுக்குப் பழைய மட்டையோட ஆட நீண்ட அவகாசம் கொடுத்தாங்க. ஆக, அண்ணன் வாங்கின மட்டையோட பள்ளம் இப்ப வர்றதைவிடக் கூரானதுதான்.

அவன் அமைதியா ஒண்ணே ஒண்ணு சொன்னான்: “அது புதுசா இருந்தப்போ, சித்தப்பா.”

வாங்கி வச்ச தேத்தண்ணியைக் குடிக்காமலே கிளம்பிட்டான். மறுநாள் அண்ணி போன் பண்ணாங்க. “தம்பி, அவங்கப்பா மட்டையை அவனே குறை சொல்வானா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க”ன்னாங்க. எனக்குப் பதில் சொல்ல வரலை.

ரெண்டு வாரம் கழிச்சு நானே அவனைக் கூப்பிட்டேன். “சரி, நிரூபிச்சுக் காட்டு.”

பயிற்சி மைதானத்துக்குப் போனோம். அவன்கிட்ட ஒரு வருஷம்கூட ஆகாத 56 டிகிரி வெட்ஜ் இருந்தது. என்கிட்ட அண்ணனோடது. ரெண்டையும் முதல்ல சோப்புத் தண்ணியில தேய்ச்சுக் கழுவினான். “பள்ளத்துல மண்ணு அடைஞ்சிருந்தா அதுவும் தேஞ்ச மட்டை மாதிரிதான் வேலை செய்யும். கழுவாம சோதிச்சா நியாயமில்லை”ன்னான். அப்புறம் பந்து. நான் கொண்டு போனது மலிவா கிடைக்கிற கெட்டித் தோல் பந்து. அதை வச்சு ஆடினா எந்த வெட்ஜும் ஸ்பின் தராதுன்னு தள்ளி வச்சுட்டு, யூரித்தேன் தோல் உள்ள பந்தை எடுத்தான். அது மெத்துன்னு இருக்கும், முகத்தைப் பிடிக்கும். அன்பர்களே, இதை முதல்ல குறிச்சு வச்சுக்குங்க: மட்டையை மாத்துறதுக்கு முன்னாடி பந்தைப் பாருங்க.

நாற்பது மீட்டர் தூரத்துல ஒரு கொடி. முதல்ல உலர்ந்த குட்டைப் புல்லுல இருந்து ஒவ்வொரு மட்டைக்கும் பத்துப் பந்து. நானே அடிச்சேன். ரெண்டுலயும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் நின்னுச்சு. “பார்த்தியா!”ன்னு எனக்கு ஒரே சந்தோஷம். அவன் சிரிச்சுக்கிட்டே பையிலிருந்து, துணி இஸ்திரி போடும்போது தண்ணி தெளிக்கிற பாட்டில் ஒண்ணை எடுத்தான். பந்து மேலயும் முகத்து மேலயும் தண்ணி தெளிச்சான். பந்தை மாட்டுப்புல்லு, அதாவது கவ் கிராஸ், வளர்ந்து கிடந்த ஓரத்துல வச்சான். “இப்ப அடிங்க.”

அவனோட மட்டையில பந்து தாழ்வா போய் விழுந்து, மூணு நாலு அடியில நின்னுச்சு. அண்ணனோட மட்டையில அதே பழைய கதை: ‘பொத்’துன்னு உயரமா எழும்பி, விழுந்து, கொடியைத் தாண்டிப் பத்துப் பதினஞ்சு அடி ஓடிச்சு. பத்துப் பந்துலயும் அப்படித்தான். ரெண்டையும் அடிச்சது இதே கைதான்.

நான் அந்தப் புல்லுலயே உட்கார்ந்துட்டேன். பத்து மாசமா எதை வயசுன்னு நினைச்சேனோ, அது வெறும் அரை மில்லிமீட்டர் விஷயம். மிகையாச் சொல்லலை. விதிப்படி அந்தப் பள்ளத்தோட ஆழம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம்தான் மேல போகலாம். அகலம் 0.9 மில்லிமீட்டர். அவ்வளவு சின்ன இடத்துல மணலும் மண்ணும் வருஷக்கணக்கா உரசினா என்ன மிஞ்சும்?

ஏன் இப்படி ஆகுதுன்னு அவன் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். பந்து சுழலணும்னா முகம் பந்தைப் பிடிக்கணும். உலர்ந்த சுத்தமான இடத்துல, பள்ளமே இல்லாத வழவழப்பான முகம்கூட ஓரளவு பிடிக்கும். அதனாலதான் முதல் சோதனையில எனக்கு வித்தியாசம் தெரியலை. பந்துக்கும் முகத்துக்கும் நடுவுல தண்ணியோ புல்லோ மாட்டினாத்தான் பள்ளத்துக்கு வேலை. அதையெல்லாம் தன்னுள்ளே வாங்கிக்கிட்டு, உலோகமும் பந்தும் நேரா தொட வழி விடும். அப்படியே நம்ம கார் டயர் மாதிரி. மொட்டை டயர் வெயில்ல நல்லாத்தான் ஓடும். மழையில பிரேக் அடிச்சாத்தான் தெரியும். பள்ளம் இல்லாத முகத்துல பந்து பிடிபடாம வழுக்கி மேலே ஏறும். அதனாலதான் உயரமா எழும்புது, சுழற்சி இல்லாம விழுது, ஓடுது. நம்ம ஊருல காலையில பனி, சாயங்காலம் மழை, அகல இலைப் புல்லு. தேஞ்ச வெட்ஜுக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது.

அக்கா சொன்ன அம்மிக்கும் அதே கணக்குதான். கொத்தின அம்மியில மிளகாய் நழுவாது, பிடிச்சு அரையும். வழவழன்னு ஆயிட்டா எவ்வளவு அழுத்தினாலும் குழவி சறுக்கும். ஒரே ஒரு வித்தியாசம்: அம்மியைத் திரும்பக் கொத்தலாம், வெட்ஜை நாமளே கொத்தக்கூடாது. பள்ளத்தைக் கூர் பண்ற சின்னக் கருவி மலிவா விக்கிறாங்க. உள்ளே அடைச்ச மண்ணை எடுக்க வேணும்னா சரி. இரும்பைச் சுரண்ட ஆரம்பிச்சா அகலமும் விளிம்பும் விதி அளவைத் தாண்டிடும். போட்டியில அந்த மட்டை செல்லாது. ஒரே சீரா சுரண்டவும் நம்ம கையால முடியாது.

சரி, எப்போ மாத்தணும்? எனக்கு இப்ப தெரிஞ்சதை வரிசையாச் சொல்றேன்.

1. சுற்றுக் கணக்கு. வோக்கி வெட்ஜ் செய்யறவங்க ஏறத்தாழ 75 சுற்றுன்னு சொல்றாங்க. விக்கிறவங்க சொல்ற கணக்குங்கிறதையும் மனசுல வச்சுக்குங்க. வாரம் ஒருமுறை ஆடினா ஒன்றரை வருஷம், மாசம் ரெண்டு முறைன்னா மூணு வருஷம். என்னோட மட்டை அதை எப்பவோ தாண்டிடுச்சு.

2. பயிற்சியும் கணக்குல சேரும். முக்கியமா மணல் குழிப் பயிற்சி. மணல்ல அடிக்கும்போது முகம் பந்தைத் தொடறதேயில்லை, மணல்தான் பந்தைத் தூக்குது. ஆனா ஒவ்வொரு அடியும் முகத்துக்கு உப்புத்தாள் தேய்ச்ச மாதிரி. மணிக்கணக்கா மணல்ல பழகுறவங்க, அதுக்குன்னு ஒரு பழைய மட்டையை ஒதுக்கி வச்சுக்கலாம்.

3. எல்லா வெட்ஜும் ஒண்ணா தேயாது. மணலுக்கும் கிரீன் ஓரத்துக்கும் எடுக்கிற 56, 60 டிகிரிதான் முதல்ல போகும். ஒண்ணு தேஞ்சதுக்காக செட்டையே மாத்தணும்னு யாராவது சொன்னா, அவசரப்படாதீங்க.

4. நகச் சோதனை ஒரு அடையாளம் மட்டும்தான். அதை மட்டும் நம்பிக் காசு செலவழிக்காதீங்க. தண்ணித் தெளிப்பு பாட்டில் சோதனைதான் நிஜம். அதே சாய்வுள்ள புது மட்டை ஒண்ணை யார்கிட்டயாவது கேட்டு வாங்கி, அதே பந்தை வச்சு, ஈரத்துல பத்துப் பத்து அடிச்சுப் பாருங்க. வித்தியாசம் தெரியலேன்னா வாங்காதீங்க. உங்க மட்டை இன்னும் உழைக்கும்.

5. நீளப் புல்லுல இருந்து அடிச்சா புது மட்டையிலயும் ஸ்பின் குறையத்தான் செய்யும். புதுசு வாங்கினா மந்திரம் மாதிரி பந்து பின்னால ஓடி வரும்னு எதிர்பார்க்காதீங்க.

6. இருக்கிறதைக் காப்பாத்துங்க. ஒவ்வொரு அடிக்கும் பிறகு ஈரத் துணியால துடைங்க. பள்ளத்து மண்ணை மர டீயாலயோ பழைய பல்துலக்கியாலயோ எடுங்க. துரு ஏறினா பிடிப்பு கூடும்னு சிலர் துருப்பிடிக்க விடறாங்க. அதை நம்பி மட்டையைக் கெடுத்துக்காதீங்க.

நான் புது வெட்ஜ் வாங்கினேன். அந்த வருஷத்து மாடல் எழுநூறு வெள்ளிக்கு மேல சொன்னாங்க. முந்தின வருஷத்து மாடல், கை படாதது, நல்ல விலை குறைவா இருந்தது. பள்ளத்தோட விதி அளவு ரெண்டுக்கும் ஒண்ணுதானேன்னு அதையே எடுத்துக்கிட்டேன். கடையில காசு கொடுக்கும்போது அண்ணனுக்குத் துரோகம் பண்ற மாதிரி நெஞ்சு அடைச்சது. பொய் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்து பழையதை நல்லாத் துடைச்சு வைக்கலாம்னு விளக்கு வெளிச்சத்துல பிடிச்சேன். அப்பத்தான் ஒண்ணைக் கவனிச்சேன். முகத்துல தேஞ்ச இடம் பளபளன்னு தனியாத் தெரியும். இதுல அப்படி ரெண்டு இடம் இருந்தது. நடுவுல, கொஞ்சம் கீழே, ஐம்பது சென் காசு அளவுக்கு வட்டமா ஒண்ணு. நுனிப் பக்கமாக் கலைஞ்சாப்புல இன்னொண்ணு. அண்ணன் மகன்கிட்ட காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துட்டு, “இது அப்பா, இது நீங்க”ன்னான். நுனியில அடிக்கிறது என் பழக்கம். அண்ணன் உயிரோட இருந்தவரைக்கும் அதுக்காக என்னைத் திட்டிக்கிட்டே இருப்பார்.

அந்த மட்டையை அவன்கிட்டயே கொடுத்துட்டேன். கேட்டு வாங்கினதை அஞ்சு வருஷம் கழிச்சுத் திருப்பிக் கொடுத்தேன்னு வச்சுக்குங்க. அவன் அதை வச்சு ஆடுறதில்லை. அவன் வீட்டு முன்னறையில, அண்ணன் படத்துக்குக் கீழே சாத்தி வச்சிருக்கான். இப்ப மாசத்துல முதல் ஞாயிறு நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஆடுறோம். என் ஸ்கோர் ஒண்ணும் பிரமாதமில்லை, நுனியில அடிக்கிறதும் நிக்கலை. ஆனா ஈரப் புல்லுல பந்து நிக்குது. கூட வர்றவங்க என் முறை வரும்போது மறுபடியும் பார்க்கிறாங்க.

வயசானவங்களுக்கு ஒரு வார்த்தை. ஏதாவது ஒண்ணு முன்ன மாதிரி வரலேன்னா, உடனே ‘நம்ம காலம் முடிஞ்சது’ன்னு உட்கார்ந்துடாதீங்க. கையில இருக்கிறதை ஒருதரம் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. பிள்ளைங்க வந்து ஏதாவது சொன்னா, தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள காது கொடுத்துக் கேட்டுடுங்க. நான் கேட்காம ரெண்டு வாரம் வீணாக்கினேன்.

வெட்ஜ் வச்சிருக்கிற அன்பர்கள் வர்ற சனிக்கிழமை கொண்டு வாங்க, சேர்ந்து பார்ப்போம். தெளிப்பு பாட்டில் என் கார்லயே இருக்கு. காலை ஆறு மணிக்கெல்லாம் வந்துடுங்க. பூசணிக்காய் நிறைய வருது, நறுக்க ஆள் பத்தாது.